பைலட் ஆகப் போகிறவர் கண்ணுக்கு எது சரி: கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா, லேசரா?

பிள்ளை பைலட் ஆகப் போகிறேன் என்று சொன்னால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் முதலில் பணக்கணக்கு ஓடும். அடுத்த கேள்வி கண்ணைப் பற்றியது: "கண்ணாடி போட்டிருக்கானே, எடுப்பாங்களா?" பதில் கிடைப்பதற்குள் யாராவது ஒருவர் லேசர் பண்ணிவிட்டால் போதும் என்று சொல்லிவிடுவார். பிள்ளைக்குப் பதினெட்டு வயதுகூட முடிந்திருக்காது, லேசர் விசாரிக்க மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். இந்த வரிசைதான் தப்பு. பயணிகள் விமானம் ஓட்டுவதற்குக் கண்ணாடி தடையே இல்லை. அவசரத்தில் செய்துகொண்ட ஆபரேஷன்தான் பின்னால் தடையாக வந்து நிற்கும்.

வள்ளல் அழகப்பர் தாமே விமானம் ஓட்டக் கற்றவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் நடத்தியவர். போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று செட்டிநாட்டில் இன்னும் கிடக்கிறது. விமானம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கண் விதிகளைத் தெரிந்துகொண்டு இறங்கினால் போதும்.

எந்த மெடிக்கல், எவ்வளவு பார்வை

இந்தியாவில் பைலட் மெடிக்கலை (உடல்தகுதிப் பரிசோதனையை) விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்துகிறது. மாணவர் லைசென்ஸுக்கும் தனியார் லைசென்ஸுக்கும் கிளாஸ் 2. சம்பளத்துக்கு ஓட்டுகிற கமர்ஷியல் லைசென்ஸுக்குக் கிளாஸ் 1. அளவுகோல் ஐகாவோ என்ற உலக அமைப்பு வகுத்தது, நம் நாட்டு விதிகளும் அதை ஒட்டியவை.

கிளாஸ் 1-க்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 (நல்ல கண் 9 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் படிப்பது), இரண்டும் சேர்ந்து 6/6 பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பார்த்தாலும் சரி, இல்லாமல் பார்த்தாலும் சரி. கிட்டத்தில் 30 முதல் 50 சென்டிமீட்டருக்குள் என்-5 என்ற பொடி எழுத்தையும், ஒரு மீட்டரில் அதைவிடப் பெரிய என்-14 எழுத்தையும் படிக்க வேண்டும். கிளாஸ் 2-க்குத் தூரப் பார்வை கொஞ்சம் தளர்வு: ஒவ்வொரு கண்ணும் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9. கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று ஐகாவோ வரம்பு வைக்கவில்லை. ஆனால் வெறும் கண்ணில் ஏதாவது ஒரு கண்ணின் பார்வை 6/60-க்கும் கீழே இருந்தால், முதல் மெடிக்கலுக்கு முன்பும் அதன்பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் முழுக் கண் மருத்துவ அறிக்கை கொடுக்க வேண்டும்.

விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குக் கணக்கே வேறு. அங்கே ஒரு கண் 6/6, மற்றது 6/9 இருக்க வேண்டும். அந்த 6/9-ஐக் கண்ணாடி போட்டு 6/6 ஆக்கலாம், அதுவும் கிட்டத்தில் மங்கும் தூரப்பார்வைக் குறைக்கு மட்டும். தூரத்தில் மங்கும் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவருக்கு இடமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் "பைலட்டுக்குக் கண்ணாடி ஆகாது" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. பிள்ளை போக விரும்புவது இண்டிகோவுக்கா, விமானப்படைக்கா என்பதை முதலில் பேசி முடியுங்கள். மற்ற எல்லா முடிவும் அதைப் பொறுத்தது.

பிளையிங் ஸ்கூலில் பெருந்தொகை கட்டுவதற்கு முன் கிளாஸ் 2 முடித்து, கிளாஸ் 1-ம் எடுத்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற டாக்டர்கள் பட்டியல் டிஜிசிஏ தளத்தில் இருக்கிறது. விண்ணப்பம் டிஜிசிஏயின் இ-ஜிசிஏ தளம் வழியாக. பணம் கட்டிய பிறகு கண்ணில் ஒரு குறை தெரியவந்தால் அந்தப் பணம் திரும்புவது கஷ்டம்.

வீட்டில் ஓர் ஒத்திகை

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பழைய செட்டிநாட்டு வீடானால் பட்டாலை என்ற கூடத்தின் நீளமே போதும். 6 மீட்டரை டேப் வைத்து அளந்து கோடு போடுங்கள். கண் டாக்டர் படிக்கச் சொல்லும் எழுத்து வரிகள் உள்ள ஸ்னெல்லன் அட்டையை இணையத்திலிருந்து அச்செடுத்துக் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். இங்கேதான் பலருக்குத் தவறும். பிரிண்டர் பக்கத்துக்குள் அடங்குமாறு எழுத்தைச் சுருக்கிவிடும், 6/6 வரி என்று நினைத்துப் படித்தது உண்மையில் அதைவிடச் சின்ன வரியாக இருக்கும். ஸ்கேல் எடுத்து அளந்துவிடுங்கள்: 6 மீட்டர் தூரத்துக்கு 6/6 எழுத்தின் உயரம் 8.7 மில்லிமீட்டர், 6/9 என்றால் 13, 6/12 என்றால் 17.5, 6/60 என்றால் 87.

அட்டைக்குப் பின்னால் ஜன்னலோ வளவு முற்றத்து வெளிச்சமோ இருக்கக்கூடாது. வெளிச்சம் அட்டையின் மேல் விழ வேண்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்தாதீர்கள். அழுத்தினால் கையை எடுத்த பிறகும் அந்தக் கண் சில நொடி மங்கலாகவே பார்க்கும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கவும் விடாதீர்கள். சுருக்கினால் ஒன்றிரண்டு வரி கூடுதலாகத் தெரியும், மெடிக்கலில் டாக்டர் அதை உடனே கவனித்துவிடுவார்.

இப்போது ஒரு விசிட்டிங் கார்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை போட்டு, இருக்கிற கண்ணாடியோடு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை வழியே இன்னும் கீழ்வரி தெரிந்தால் குறை பெரும்பாலும் பவரில்தான், கண்ணாடி மாற்றினால் சரியாகும். ஓட்டை வழியே பார்த்தும் 6/9 எட்டவில்லை என்றால் பிரச்சினை வேறு இடத்தில். சின்ன வயதில் கவனிக்காமல் விட்ட சோம்பல் கண், விழித்திரைக் கோளாறு போல ஏதாவது ஒன்று. லேசரும் அதைச் சரி பண்ணாது. இந்த நிலையில் இருப்பவர் மற்ற செலவுகளையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மதுரை அரவிந்த் 1976 முதல் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் அன்றே முழுப் பரிசோதனை முடித்துத் திரும்பலாம். கண் பாப்பாவை (நடுவில் ஒளி நுழையும் துளையை) விரிய வைக்கும் சொட்டு போடுவார்கள் என்பதால் திரும்பும்போது வண்டி ஓட்ட வேறு ஆள் வேண்டும்.

அந்தச் சொட்டு போட்டுப் பார்ப்பது ஏன் என்றால், இளவயதில் தூரப்பார்வைக் குறையைக் கண்ணே தசையை இறுக்கி மறைத்துவிடும். சொட்டு அந்தத் தசையைத் தளர்த்தினால்தான் உள்ளே எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று தெரியும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவருக்கு விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதுவே வழி.

பவர் சீட்டு

ஒரு கடையில் மைனஸ் 2, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர்) மைனஸ் 1, அச்சு (அந்தத் திசையைக் குறிக்கும் கோணம்) 180 என்று எழுதிக் கொடுப்பார்கள். இன்னொரு டாக்டர் மைனஸ் 3, சிலிண்டர் பிளஸ் 1, அச்சு 90 என்று எழுதுவார். பவர் ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே கண்ணாடி, எழுதும் முறைதான் வேறு.

"கொஞ்சம் குறைச்சே போட்டுக்கலாம், கண்ணு பழகிடும்" என்று சொல்லும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. பைலட்டுக்கு அது கூடவே கூடாது. கால் டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) குறைவு பகலில் தெரியாது. இரவில் பாப்பா விரிந்ததும் கிட்டப்பார்வை சற்றே கூடும், அப்போது அதே கால் டயாப்டர் ஓடுபாதை விளக்குகளைப் பூசிக் காட்டும். புகைமூட்டமான வானத்தில் கண்ணுக்குப் பிடிமானமாக எதுவும் இல்லாதபோதும் இதே தொல்லை. கண் தானாக ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குக் குவிந்துகொள்ளும், எதிரே வரும் விமானம் தென்படாமல் போகும். குறைத்துப் போட்டால் பவர் ஏறாது என்பதற்கும் ஆதாரம் இல்லை. முழுப் பவரை எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி

எங்கள் கணிப்பில் சிவில் பைலட்டாகப் போகிற பத்தொன்பது வயதுக்காரருக்கு நல்ல கண்ணாடிதான் முதல் தேர்வு. பவர் மாறினால் லென்ஸை மாற்றினால் போதும், சிவில் மெடிக்கலில் கேள்வி எழாது.

ஃபிரேமின் கை மெல்லியதாக, நேராக இருக்க வேண்டும். ஹெட்செட்டின் காது மெத்தை அதன்மேல் உட்காரும். கை தடித்திருந்தால் மெத்தைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழுந்து இன்ஜின் சத்தம் உள்ளே வரும். இரண்டு மணி நேரத்தில் காதுக்கு மேலே வலி பிடிக்கும். மெல்லிய டைட்டானியம் கை நல்லது. ஓரப் பார்வையை மறைக்கும் அகலமான பிளாஸ்டிக் கை வேண்டாம். ஹெட்செட் கையில் இருந்தால் கடைக்கே எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

லென்ஸ் பொருளில் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லியதாக வேண்டும் என்றால் கடைக்காரர் 1.67, 1.74 என்று (ஒளியை வளைக்கும் திறனைச் சொல்லும் எண்) விலை ஏறிக்கொண்டே போவார். மெலியும்போது ஒளியைப் பிரித்து நிறங்களாகச் சிதறடிக்கும் குணமும் பொதுவாகக் கூடும். சிதறல் எவ்வளவு குறைவு என்பதை ஆபே எண் சொல்லும்: சாதாரண 1.5 பிளாஸ்டிக் லென்ஸுக்கு 58, எளிதில் உடையாத டிரைவெக்ஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு 43-ஐ ஒட்டி, பாலிகார்பனேட்டுக்கு 30, 1.67-க்கு 32. எண் இறங்கினால் லென்ஸின் ஓரம் வழியே பார்க்கும் எழுத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக விளிம்பு தெரியும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி மீட்டர்களைப் படிப்பவருக்கு இது தொந்தரவு. பவர் 3 வரை 1.5 அல்லது டிரைவெக்ஸ் போதும். அதற்கு மேலே 1.60. 6-ஐத் தாண்டினால் மட்டும் 1.67-ஐ யோசியுங்கள். உடையாத உறுதிதான் முக்கியம் என்றால் டிரைவெக்ஸ் நல்ல தேர்வு.

எதிரொளிப்பைக் குறைக்கும் ஏஆர் பூச்சு கட்டாயம். இல்லையென்றால் இரவில் பேனல் விளக்கு லென்ஸின் உட்பக்கம் பட்டு, வெளியே இல்லாத விளக்கு இருப்பதுபோல் தெரியும். மஞ்சள் சாயல் காட்டும் புளூ கட் லென்ஸ் வேண்டாம், நிறங்களைத் திரித்துவிடும்.

செட்டிநாட்டு வெயிலில் ஏஆர் பூச்சுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. சித்திரை மாதம் நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை விட்டால் பிளாஸ்டிக் விரிகிற அளவுக்குப் பூச்சு விரியாது, சிலந்தி வலைபோல் வெடிப்பு விழும். துடைத்தால் போகாது, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். செம்மண் புழுதி படிந்த கண்ணாடியை வேட்டி முனையாலோ முந்தானையாலோ உலர்வாகத் துடைத்தாலும் கீறல்தான். முதலில் தண்ணீர் ஓடவிட்டு மண்ணைக் கழுவி, பிறகு மைக்ரோஃபைபர் துணி.

கண்ணாடி தயாராகி வந்ததும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். கடையில் இருக்கும் லென்சோமீட்டரில் உங்கள் கண் முன்னே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பவர், சிலிண்டர் அச்சு, இரண்டு லென்ஸின் மையத்துக்கும் இடையிலான தூரம் மூன்றும் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். மையம் உங்கள் பாப்பாவுக்கு நேராக இல்லாவிட்டால் பவர் சரியாக இருந்தும் தலை வலிக்கும்.

இதே பவரில் இன்னொரு கண்ணாடி கட்டாயம் தேவை. மெடிக்கல் சான்றிதழிலேயே கண்ணாடி அணிய வேண்டும், மாற்று கைவசம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதி வரும். கைவசம் என்றால் சீட்டில் உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரம். பின்னால் வைத்த பையில் இருந்தால் கணக்கில் வராது. பழைய பவர் கண்ணாடியை மாற்று என்று காட்டுவதும் செல்லாது.

வெள்ளெழுத்து வந்தவருக்கு

நாற்பதைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்குத் தொல்லை வேறு. முழு லென்ஸும் படிக்கும் பவராக உள்ள சாதாரண ரீடிங் கண்ணாடி காக்பிட்டில் ஏற்கப்படாது. அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் வெளியே எல்லாம் மங்கிவிடும். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் உள்ள பைஃபோகல், புரோகிரசிவ், இல்லையென்றால் மேலே வெறும் கண்ணால் பார்க்க வைக்கும் அரை லென்ஸ், இவற்றில் ஒன்றுதான்.

பவரைத் தேர்வு செய்வதில் ஒரு கணக்குண்டு. மடியில் வைத்த சார்ட் (வான்வழி வரைபடம்) 40 சென்டிமீட்டர். மீட்டர் பேனல் 70 முதல் 90 சென்டிமீட்டர். ஏர்பஸ் மாதிரி விமானத்தில் தலைக்கு மேலேயும் ஒரு பேனல். ஐம்பது வயதில் கூடுதல் பவர் பிளஸ் 2 என்று போட்டால் அது தெளிவாகக் காட்டுவது 50 சென்டிமீட்டரை. 80 சென்டிமீட்டர் பேனலுக்குப் பிளஸ் 1.25 போதும். பைஃபோகல் போட்டவர் சார்ட்டைப் படித்துவிட்டுப் பேனலைப் பார்க்கத் தடுமாறுவது இதனால்தான். இடைப்பட்ட பவரும் உள்ள டிரைஃபோகல் அல்லது புரோகிரசிவ் இதைச் சரிசெய்யும். மேல் பேனலுக்காக லென்ஸின் மேல்விளிம்பிலும் ஒரு கிட்டப் பகுதி வைத்த டபுள்-டி லென்ஸ் இருக்கிறது, எழுதிக் கொடுத்து ஆர்டர் செய்ய வேண்டும்.

ஆப்டிகல் கடைக்காரரிடம் "பைலட்டுக்கு" என்று சொன்னால் புரியாது, அளந்து காட்டுங்கள். வீட்டில் நாற்காலியில் காக்பிட்டில் உட்காரும் அதே நிமிர்வில் உட்கார்ந்து, சுவரில் 80 சென்டிமீட்டர் தூரத்தில் நாட்காட்டித் தாள் ஒன்றை ஒட்டி, மடியில் 40-ல் ஒரு புத்தகம் வைத்து, எந்த இடத்தைப் பார்க்கும்போது கண் எவ்வளவு இறங்குகிறது என்று வேறொருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு இதே தூரங்களைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பைஃபோகல் கோடு வழக்கமாகக் கீழ் இமை மட்டத்தில் வரும். காக்பிட் பேனலின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே விழுமாறு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கச் சொன்னால் இறங்கும்போது ஓடுபாதை கிட்டப் பவருக்குள் சிக்காது. புரோகிரசிவ் புதிதாகப் போட்டதும் ஓரங்களில் தரை அலைவதுபோல் இருக்கும். அது பழகும்வரை விமானத்தில் போடாதீர்கள்.

இன்னொன்று: ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று கான்டாக்ட் லென்ஸிலோ லேசரிலோ பிரித்துக் கொடுக்கும் முறையை நாற்பது தாண்டியவருக்குச் சொல்வார்கள். மற்றவருக்கு வசதிதான். பைலட்டுக்கு ஆகாது. ஒவ்வொரு கண்ணும் தனியே தூரத்தில் 6/9 காட்ட வேண்டும் என்பதால் கிட்டத்துக்கு வைத்த கண் மெடிக்கலிலேயே தோற்றுவிடும்.

கூலிங் கிளாஸ்

போலராய்ட் வேண்டாம். பேனல் திரைகள் சில கோணத்தில் கறுத்துவிடும், அடுக்குக் கண்ணாடியால் ஆன முன்ஜன்னலில் வரிவரியாக நிறம் ஓடும். கடையில் சோதிக்க, லென்ஸ் வழியாக போன் திரையைப் பார்த்துக்கொண்டே போனைக் கால் வட்டம் திருப்புங்கள். ஏதாவது ஒரு நிலையில் திரை இருண்டால் அது போலராய்ட்.

நிறம் சாம்பல். மஞ்சளும் பழுப்பும் நிறங்களை மாற்றிக் காட்டும். அடர்த்தி மூன்றாம் வகை, அதாவது 8 முதல் 18 சதவீத ஒளியை விடுவது. நான்காம் வகை மிக இருட்டு, எடுக்காதீர்கள். மேலே அடர்ந்து கீழே வெளுத்த கிரேடியன்ட் பேனலைப் படிக்க வசதி. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் காக்பிட்டில் பயன்படாது: முன்ஜன்னல் புறஊதாக் கதிரை வடிகட்டிவிடுவதால் முழுதாகக் கறுக்காது, கறுத்தது வெளுக்கவும் நிமிடக்கணக்கில் ஆகும். உச்சி வெயிலில் வளவில் நின்றுவிட்டு இரண்டாங்கட்டுக்குள் நுழைந்தவருக்குத் தூண் தெரியாததுபோல், மேகத்துக்குள் இறங்கும்போது கறுத்த லென்ஸோடு பேனல் தெரியாது.

கான்டாக்ட் லென்ஸ்

ஒரே பவர் உள்ளதாக, நிறமில்லாததாக, கண்ணுக்கு ஒத்துக்கொண்டதாக இருந்தால் அனுமதி உண்டு. மாற்றாகக் கண்ணாடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பல பவர் சேர்ந்த மல்டிஃபோகல் லென்ஸுக்கு இடமில்லை. இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும், கருவிழியை (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தை) தற்காலிகமாக நசுக்கித் தட்டையாக்கும் ஆர்த்தோ-கே லென்ஸை ஐரோப்பிய விதிகள் வெளிப்படையாகவே மறுக்கின்றன.

ஓரப் பார்வை தடையில்லாமல் கிடைக்கும், ஹெட்செட் சிக்கல் இல்லை, பவர் கூடியவருக்கு உருவம் சுருங்காது. கெடுதல் வறட்சி. பெரிய விமானத்தின் உள்ளே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறையும். இரண்டும் சேர்ந்தால் லென்ஸ் காய்ந்து பார்வை மங்கி மங்கித் தெளியும். சிலிக்கான் ஹைட்ரோஜெல் டெய்லி லென்ஸ், பிரிசர்வேட்டிவ் சேர்க்காத கண் சொட்டு, இரண்டும் வைத்திருந்தால் சமாளிக்கலாம். கடின லென்ஸில் ஒரு மணல் துகள் போனால் கண் திறக்க முடியாது. புழுதி அதிகமுள்ள பயிற்சித் தளத்துக்கு அது ஏற்றதல்ல.

கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்ணை அப்படியே லென்ஸுக்கு ஆர்டர் செய்யக் கூடாது. 4-க்கு மேலே போனால் மாறும்: கண்ணாடியில் மைனஸ் 6 என்பது கண்ணின் மேல் உட்காரும் லென்ஸில் மைனஸ் 5.50 அளவுதான். சிலிண்டர் 0.75-க்கு மேலிருந்தால் டோரிக் லென்ஸ் வேண்டும். அது கண்ணில் சுழன்றுவிட்டால் தெளிவு போய்விடும், சிமிட்டிச் சிமிட்டி இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கிணறு, போர்வெல், ஊருணி, குழாய், எதுவும் லென்ஸிலோ அதன் டப்பாவிலோ படக்கூடாது. அகந்தமீபா என்ற உயிரி தண்ணீரில் இருக்கிறது, லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து போட்டும் தழும்பு நிற்கும். அந்தத் தழும்போடு மெடிக்கலும் போகும். கையைச் சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். கண்மாயில் குளிக்கப் போகிறவர் கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும்.

தனியாகப் பறக்கும் பயிற்சிக் காலம் முடியும்வரை கண்ணாடியோடு பறப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. லென்ஸ் ஒன்று நழுவி விழுந்தால் மற்றதையும் எடுத்தால்தான் கண்ணாடி போட முடியும். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் விமானத்தை அவர் பார்த்துக்கொள்வார். தனியாக இருப்பவருக்கு அந்த அரை நிமிடம் நீளமானது.

லேசர்

விதி சுருக்கமானது: பவரை மாற்றும் ஆபரேஷன் செய்தவர், பறப்பதைப் பாதிக்கும் பின்விளைவு எதுவும் இல்லை என்று நிரூபிக்கும்வரை தகுதியற்றவர். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதனால் தேதி குறிக்கும் முன் கிளாஸ் 1 பார்க்கும் டாக்டரிடம், எந்த முறை, எவ்வளவு காத்திருப்பு, என்னென்ன அறிக்கை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பவர் குறைந்தது ஓர் ஆண்டாவது அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும். பதினெட்டிலும் சிலருக்கு அது நின்றிருக்காது. மாறிக்கொண்டிருக்கும் கண்ணில் செய்தால் மறுபடி கண்ணாடி வரலாம், இரண்டாவது ஆபரேஷனுக்குக் கருவிழி மிச்சம் இல்லாமலும் போகலாம்.

தடிமன் கணக்கை நீங்களே போடலாம். கருவிழி 540 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), லேசிக் முறையில் வெட்டித் தூக்கும் மடிப்பு 110, ஒரு டயாப்டருக்குச் சுமார் 15 மைக்ரான் செதுக்கல். மைனஸ் 4-க்கு 60 போனால் மடிப்புக்கு அடியில் மிஞ்சுவது 370. நல்லது. கருவிழி 490, பவர் மைனஸ் 8 என்றால் 120 போய் மிஞ்சுவது 260. குறைந்தபட்சம் 250 என்பார்கள், பல டாக்டர்கள் 300-க்குக் கீழே தொடமாட்டார்கள். மெலிந்த கருவிழி கண்ணின் அழுத்தம் தாங்காமல் முன்னே பிதுங்கினால் எந்தக் கண்ணாடியும் 6/9 தராமல் போகலாம். கண்ணை அடிக்கடி கசக்குகிற பழக்கமுள்ளவருக்கும் குடும்பத்தில் கூம்பிய கருவிழி உள்ளவருக்கும் இந்த ஆபத்து கூடுதல். கருவிழியின் மேடுபள்ளப் படம் எடுக்காமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். அளவெடுக்கும் முன் சாஃப்ட் லென்ஸை இரண்டு வாரமும் கடின லென்ஸை ஒரு மாதமும் கழற்றி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் லென்ஸ் அமுக்கிய வடிவத்தையே அளப்பார்கள்.

முறைகளில் பிஆர்கே மடிப்பில்லாதது. மேல்தோலை நீக்கிச் செதுக்குவதால் மூன்று முதல் ஐந்து நாள் நல்ல வலி, பார்வை நிலைக்க வாரங்கள் ஆகும். ஆனால் அடிபட்டு நகர்வதற்கு மடிப்பு கிடையாது. லேசிக் மறுநாளே தெளிவு தரும், வறட்சி சில மாதம் நீடிக்கும், பலமான அடியில் மடிப்பு நகர வாய்ப்புண்டு. ஸ்மைல் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே உள்ளிருந்து ஒரு தகட்டை எடுக்கிறது. ஆரக்கீறல் போடும் பழைய ஆர்கே வேண்டவே வேண்டாம். உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது கீறிய கருவிழி வீங்கிப் பவர் மாறும். 1996 மே மாதம் எவரெஸ்டில் பெக் வெதர்ஸ் என்ற மலையேறிக்கு அங்கேயே பார்வை போனது இதனால்தான்.

எந்த முறையானாலும் இரவு ஒளிவட்டம்தான் பைலட்டுக்குப் பெரிய கேள்வி. இருட்டில் உங்கள் பாப்பா 7 மில்லிமீட்டர் விரிந்து, செதுக்கிய வட்டம் 6 மில்லிமீட்டராக இருந்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் தெரியக்கூடும். இருட்டில் பாப்பாவின் அளவை முன்பே அளக்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய விதியில் காலைக்கும் மாலைக்கும் பவர் வித்தியாசம் 0.75 டயாப்டருக்குள் இருக்க வேண்டும், ஒளிக்கூச்சம் கூடியிருக்கக் கூடாது, மங்கிய ஒளியில் பிரித்தறியும் திறனும் கெட்டிருக்கக் கூடாது. நம் ஊர்க்காரர் நாளை வெளிநாட்டு நிறுவனத்துக்கும் போகக்கூடும், அதனால் இந்த அளவையும் மனதில் வையுங்கள்.

விமானப்படைக்குப் போகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 20 வயதுக்கு முன் செய்த ஆபரேஷன் ஏற்கப்படாது, ஆகவே பள்ளிப் படிப்பு முடித்ததும் சேரும் ராணுவ அகாடமியான என்டிஏ வழி போகிறவர் செய்யவே கூடாது. பட்டப்படிப்புக்குப் பின் நுழைகிறவருக்கு ஆபரேஷன் முடிந்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும், முந்தைய பவர் 6-க்குள் இருந்திருக்க வேண்டும், மிஞ்சிய கருவிழி மொத்தம் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன 490 கருவிழிக்காரர் மைனஸ் 8-க்குச் செய்தால் 370-ல் நிற்பார், கதவு அங்கேயே மூடிவிடும்.

ஆபரேஷனுக்கு முந்தைய பவர் சீட்டு, மேடுபள்ளப் படம், தடிமன் அளவு, செய்த முறை, மடிப்பின் தடிமன், செதுக்கிய ஆழம், பிறகு எடுத்த பரிசோதனை அறிக்கைகள், எல்லாவற்றையும் தேதியோடு ஒரே ஃபைலில் வையுங்கள். பழைய பவர் தெரியாமல் எந்த டாக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். செய்ததை மறைக்கவும் நினைக்காதீர்கள். மேடுபள்ளப் படம் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும், பொய் எழுதியதற்காகவே தகுதி போகும்.

நிறம்

சிவப்பு, பச்சை பிரித்தறியும் குறைக்கு இங்கே சொன்ன எதுவும் மருந்தில்லை. நிற லென்ஸ் போட்டு, நிறப்புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனைப் புத்தகத்தை ஏமாற்றலாம் என்று விற்பவர்கள் உண்டு, நிறமுள்ள லென்ஸ் விதிக்கே விரோதம். பிறவிக் குறை தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது. தாய்மாமனுக்கோ தாயைப் பெற்ற ஐயாவுக்கோ இருந்தால் பத்தாம் வகுப்பிலேயே சோதித்துவிடுங்கள். புத்தகத்தை 75 சென்டிமீட்டர் தூரத்தில், பகல் வெளிச்சத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நொடிக்குள் படிக்க வேண்டும். போன் திரையில் பார்ப்பது சோதனையாகாது, திரை நிறத்தை மாற்றிவிடும்.

ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, சில வாரத்தில் பவர் திடீரென்று அரை, ஒரு டயாப்டர் மாறினால் புதுக் கண்ணாடிக்கு ஓடாதீர்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸ் நீர் கோத்து, பெரும்பாலும் கிட்டப்பார்வைப் பக்கம் தள்ளும். மருந்தில் இறங்கியதும் திரும்பிவிடும். சர்க்கரை சில வாரம் நிலையாக நின்ற பிறகு எடுத்த பவரைத்தான் கண்ணாடியில் போட வேண்டும். அதுவரை மெடிக்கல் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தரையில் இருங்கள்.